ஆற்றோரச் சரணாலயத்தில் முதல் ஆண்டு: புதிய வனச்சரகருக்கு ஒரு வழிகாட்டி

மலைக்காட்டிலோ சமூகக் காடுகள் பிரிவிலோ வேலை பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்குக் காவிரிக் கரையிலுள்ள சரணாலயச் சரகம் ஒன்றுக்கு மாறுதல் உத்தரவு வந்திருக்கிறதா? இது உங்களுக்காகத்தான். வனவர்களுக்கும், ஒப்பந்தத்தில் சேரும் உயிரியலாளர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும். அப்படிப்பட்ட ஒரு சரகத்தில் நான் பட்ட பாட்டில் பெரும்பங்கு காட்டினால் வந்ததல்ல. எந்தத் தாளை எந்த மாதத்தில் நகர்த்த வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் வந்தது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு ஆண்டு ஏப்ரலில் பிறந்து மார்ச்சில் முடியும். ஆற்றுக்கு அப்படி இல்லை. தண்ணீர் வடியத் தொடங்கும் ஜனவரி முதல் புதுவெள்ளம் வரும் ஜூன், ஜூலை வரை ஒரே மூச்சான வேலைக்காலம். காட்டுத்தீ, முதலை முட்டை, தண்ணீர் தேடி வரும் யானை, மீன் பிடிக்க மடுவில் தோட்டா (வெடி) போடுபவன் எல்லாம் இந்த மாதங்களில்தான். நடுவில் மார்ச் 31 வந்து நிதியாண்டை அறுத்துவிடும். காவல் மிகவும் தேவைப்படும் ஏப்ரலில் புது ஒதுக்கீடு வந்திருக்காது. கீழே சொல்லும் படிகள் எல்லாமே இந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான்.

1. கையெழுத்துப் போடும் முன்

பொறுப்பேற்பு அறிக்கையில் கையெழுத்திட்ட பிறகு, இருப்பில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். எனவே அவசரம் வேண்டாம்.

முதலில் அரசிதழ் அறிவிக்கையின் நகலைக் கேளுங்கள். காவிரி வடக்கு சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்கு சரணாலயம் 2022 நவம்பரிலும் அறிவிக்கப்பட்டவை. இரண்டும் பழைய காப்புக்காடுகளைச் சேர்த்து அமைந்தவை. அதனால் சுவரில் தொங்குவது பழைய காப்புக்காட்டு வரைபடமாக இருக்கலாம். அதை நம்பாமல், அறிவிக்கையின் எல்லை விவரத்தை வரி வரியாகப் படியுங்கள். எல்லை கரையோடு நிற்கிறதா, ஆற்றுக்குள்ளும் போகிறதா? நடுத்திட்டுகள் உள்ளே வருகின்றனவா? காவிரி சில இடங்களில் தமிழகத்துக்கும் கர்நாடகத்துக்கும் இடையே எல்லையாகவே ஓடுகிறது. நாளைக்கு ஒரு வலையைப் பறிமுதல் செய்தால், நீதிமன்றத்தில் எழும் முதல் கேள்வி அந்த இடம் யாருடைய எல்லை என்பதுதான்.

அப்புறம் பார்க்க வேண்டியவை:

- மேலாண்மைத் திட்டம். பொதுவாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை எழுதப்படுவது. எந்த ஆண்டோடு முடிகிறது என்று பாருங்கள். அதில் இல்லாத வேலைக்குப் பணம் கேட்டால் கோப்பு திரும்பி வரும்.
- துப்பாக்கிப் பதிவேடும் தோட்டாக் கணக்கும். எண்ணிப் பார்க்காமல் விடவே கூடாது.
- பறிமுதல் பொருட்கள். பரிசல், வலை, மோட்டார், இருசக்கர வாகனம் எல்லாம் அலுவலக வளாகத்தில் மக்கிக் கிடக்கும். வழக்கு எண்ணோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள். இல்லாததை 'இல்லை' என்று பொறுப்பேற்பு அறிக்கையிலேயே எழுதுங்கள்.
- நிலுவை வழக்குகளின் பட்டியல், அடுத்த வாய்தா தேதிகளோடு.
- அளவுப் புத்தகம், ரொக்கப் புத்தகம், வாகன ஓட்டக் குறிப்பேடு.
- வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிராம சபைகள் கொடுத்த மனுக்கள்.

கடைசியாகச் சொன்னதைப் பலரும் வருவாய்த் துறை விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சரணாலயத்துக்கும் பொருந்தும். நீர்நிலைகளில் மீன் உள்ளிட்டவற்றைப் பயன்படுத்தும் உரிமையையும் மேய்ச்சல் உரிமையையும் அதன் 3(1)(ஈ) பிரிவு சமூக உரிமையாகச் சொல்கிறது. தலைமுறையாகக் கரையில் வாழும் இருளர் குடும்பத்தின் தூண்டிலையும், வெளியூரிலிருந்து வந்து தோட்டா போடுபவனின் சாக்கையும் ஒரே பதிவேட்டில் ஒரே குற்றமாக எழுதுவது நியாயமும் இல்லை, சட்டப்படி நிற்கவும் நிற்காது. யாருடைய மனு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு ரோந்துக்குப் போங்கள்.

2. ஆற்றின் நாட்காட்டியை எழுதுங்கள்

ஒரு பெரிய தாள் எடுத்து, மேல் வரிசையில் ஜனவரி முதல் டிசம்பர் வரை எழுதுங்கள். அடுத்த வரிசையில் ஆறு செய்வதை எழுதுங்கள். மூன்றாவது வரிசையில் அதற்கான தாள் எப்போது நகர வேண்டும் என்று எழுதுங்கள். மூன்றாவது வரிசை எப்போதும் இரண்டு மூன்று மாதம் முந்தியே இருக்கும்.

ஜனவரியில் தண்ணீர் குறையும், வலசைப் பறவைகள் இருக்கும். பிப்ரவரி முதல் மே வரை தீக்காலம். அதே மாதங்களில் யானைகள் உட்காட்டுக் குட்டைகள் வற்றி ஆற்றை நோக்கி இறங்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை முதலை மணற்கரையில் குழி பறித்து முட்டையிடும்; ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குஞ்சு வெளிவரும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழைத் தண்ணீர் கர்நாடகத்திலிருந்து வரும். அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையில் நம் பக்கத்து ஓடைகள் ஓடும், காட்டுப்பாதை அறுபடும்.

உங்கள் சரகத்து நாட்காட்டியை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுத முடியாது. மூத்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரையும், வயதான பரிசல்காரர் ஒருவரையும் உட்காரவைத்து எழுதுங்கள். கோடையிலும் வற்றாத மடுக்கள் எவை, நீர்நாய் எந்தப் பாறையில் எச்சமிடுகிறது, முதலை எந்த மணலில் ஏறுகிறது என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வரும். மேலாண்மைத் திட்டத்தில் இவை 'ஆற்றோர வாழிடம்' என்ற ஒரே சொல்லில் அடங்கியிருக்கும்.

3. பணம்: ஆண்டுச் செயல்திட்டம்

சரணாலயங்களுக்கான மத்திய நிதி, வன உயிரின வாழிடங்களின் ஒருங்கிணைந்த மேம்பாட்டுத் திட்டத்தில் வருகிறது. தமிழகத்துக்கு மத்திய, மாநிலப் பங்கு 60:40. அதற்கு ஆண்டுச் செயல்திட்டம் அனுப்ப வேண்டும். சரகத்திலிருந்து போகும் பட்டியல்தான் அடிப்படை. அடுத்த நிதியாண்டுக்கான பட்டியலை டிசம்பருக்குள் தயாராக வைத்திருங்கள். "நாளைக்குள் அனுப்பு" என்று மேலிருந்து கேட்பார்கள். அப்போது எழுதும் பட்டியல் போன ஆண்டின் நகலாகத்தான் இருக்கும்.

பணம் தவணையாக வரும். முந்தைய தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்தது நிற்கும். மாநில அரசுகளுக்கான படிவம், பொது நிதி விதிகளில் (ஜி.எஃப்.ஆர்.) உள்ள 12-சி. அதை மேலே நிரப்புவார்கள். ஆனால் அதற்கான ரசீதும், அளவுப் புத்தகப் பதிவும், ஜி.பி.எஸ். குறியோடு வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படமும் சரகத்திலிருந்துதான் போக வேண்டும். வேலை தொடங்கும் முன் படம் எடுக்கத் தவறினால் பிறகு எடுக்க வழியே இல்லை. சீமைக்கருவேலத்தை அகற்றிய இடத்துக்கு, அகற்றிய பிறகு எடுத்த படம் எதையும் நிரூபிக்காது.

எதற்கு முதலிடம் கொடுப்பது? என் கருத்து உறுதியானது: வேட்டைத் தடுப்புக் காவலர்களின் கூலி, அதன் பிறகு எரிபொருளும் பரிசல் பழுதும், அதன் பிறகு தீத்தடுப்புக் கோடு. வரவேற்பு வளைவும் வண்ணப் பலகையும் கடைசியில் வரட்டும். கூலி இரண்டு மாதம் நின்றால் நல்ல காவலர்கள் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களோடு ஆற்றைப் பற்றிய அறிவும் போய்விடும்.

ஏப்ரல் இடைவெளிக்கு என்ன செய்வது? பிப்ரவரியிலேயே மாவட்ட வன அலுவலருக்குக் கடிதம் எழுதுங்கள்: தீக்காவலும் முட்டைக்குழிக் காவலும் மார்ச்சைத் தாண்டித் தொடரும், ஏப்ரல், மே கூலிக்கு மாநில நிதித் தலைப்பிலோ பிற நிதியிலோ முன்கூட்டியே ஏற்பாடு தேவை என்று. எத்தனை ஆள், எத்தனை நாள், எந்த இடம் என்று அட்டவணையோடு போகும் கடிதத்துக்குப் பதில் வரும். 'தக்க நிதி வழங்கிட வேண்டுகிறேன்' என்று முடியும் கடிதம் கோப்பிலேயே தூங்கும்.

4. கோடை: ஆண்டின் முக்கால் வேலை

தீ. கோடுகளை ஜனவரிக்குள் வெட்டி முடியுங்கள். பிப்ரவரியில் புல் காய்ந்த பிறகு வெட்டுவது செலவு மட்டுமே. இந்திய வன அளவை நிறுவனத்தின் 'வன் அக்னி' தளத்தில் உங்கள் கைப்பேசி எண்ணையும் வனவர்கள் எண்ணையும் பதிந்து வையுங்கள். செயற்கைக்கோள் கண்ட தீயின் இடம் குறுஞ்செய்தியாக வரும். பழைய சரகரின் எண்ணே பதிவில் இருக்கிறதா என்று பொறுப்பேற்ற வாரமே பாருங்கள். இருந்தால் எச்சரிக்கை எல்லாம் அவருக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

முட்டைக்குழிகள். முதலை ஏறும் மணற்கரைகளில் பிப்ரவரி முதல் குஞ்சு வெளிவரும் வரை ஆள் நடமாட்டத்தைக் குறையுங்கள். குழிக்குப் பக்கத்தில் பலகை நடாதீர்கள், அது இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இடக்குறியை ரோந்துக் குறிப்பேட்டில் எழுதி, அந்தப் பக்கத்தை யாரும் படமெடுத்துப் பகிராமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழி இருக்கும் கரையில் மாடு இறங்குகிறதா என்பதும் முக்கியம்.

மடுக்கள். தண்ணீர் வடிந்த பிறகு மீன் முழுவதும் சில மடுக்களில் ஒடுங்கும். காவிரிப் படுகையின் திமில் மாசீர் மீன், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பில் உள்ள இனமாக 2018-இல் சேர்க்கப்பட்டது. அப்படிப்பட்ட மீன் ஒதுங்கும் மடுவில் ஒரு தோட்டா விழுந்தால் குஞ்சு, தாய், பக்கத்தில் இருந்த ஆமை எல்லாம் சேர்ந்து சாகும். உங்கள் இரவு ரோந்தை ஆறு முழுக்கப் பரப்பாதீர்கள், மடுக்களில் குவியுங்கள். வெடிபொருளும் நஞ்சும் சரணாலயத்தில் பயன்படுத்துவதை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு தடுக்கிறது (இனி சட்டப் பெயரின்றிச் சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம் இந்தச் சட்டத்தில் உள்ளவை). வெடிபொருள் சட்டத்தின் கீழ் காவல்துறையிலும் புகார் கொடுக்கலாம். எங்கே வாங்கினான் என்பதைத் தேடும் வசதி அவர்களுக்குத்தான் உண்டு.

மோட்டார்கள். ஆற்றிலிருந்து இரவில் குழாய் போட்டு இறைப்பது கோடையில் கூடும். 29-ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் வரும், வெளியே போகும் நீரோட்டத்தைத் திருப்புவதையும் நிறுத்துவதையும் அனுமதியின்றிச் செய்யக்கூடாது என்கிறது. ஆனால் மார்ச்சில் போய்க் குழாயை அறுத்தால் பயிரோடு நிற்கும் விவசாயியோடுதான் மோத வேண்டிவரும். நவம்பரிலேயே, அவர் நடவு செய்யும் முன், கிராமத்தில் கூட்டம் போட்டுச் சொல்லிவிடுங்கள். மின் இணைப்பு யார் பெயரில், எந்தச் சர்வே எண்ணுக்கு என்பதை மின்வாரியத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாடுகளுக்கான தடுப்பூசியும் இந்தக் காலத்துக்கு முன்பே முடிய வேண்டும். சரணாலயத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் உள்ள கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடுவதை 33-அ பிரிவு கட்டாயமாக்குகிறது. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவது. கால்நடை பராமரிப்புத் துறையின் முகாம் தேதியோடு உங்கள் கிராமப் பட்டியலைச் சேர்த்துக் கொடுத்தால் தனிச் செலவே இல்லை. கோடையில் மாடும் காட்டெருதும் ஒரே ஆற்றுத்துறையில் தண்ணீர் குடிக்கும், நோய் தொற்ற அது போதும்.

5. வெள்ளம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை

மத்திய நீர் ஆணையம் தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் காவிரியின் நீர்வரத்தை அளக்கிறது. கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் திறக்கும் அளவு செய்தியில் வரும்போதே கீழ்க்கரை முகாம்களைக் காலி செய்யுங்கள். பிலிகுண்டுலு கணக்கு ஏறிய பிறகு கிளம்புவது தாமதம். மே மாதத்திலேயே பரிசல்களுக்குத் தார் பூசி, உயிர்காப்பு மேலாடைகளை எண்ணி, கம்பியில்லாக் கருவிகளுக்கு மின்கலம் மாற்றி வையுங்கள்.

ஆடிப்பெருக்கும் ஆடி அமாவாசையும் வெள்ளத்தோடு சேர்ந்து வரும். கரையோரக் கோயில்களுக்கு வரும் கூட்டத்துக்குப் பாதை, வாகன நிறுத்தம், குளிக்கும் துறை, குப்பை ஆகிய நான்கையும் வருவாய், காவல், ஊரக வளர்ச்சித் துறைகளோடு ஜூன் மாதக் கூட்டத்திலேயே முடிவு செய்து, கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் அன்றைக்குத் துடைப்பத்தோடு நிற்பது உங்கள் காவலர்கள் மட்டும்தான்.

வெள்ளம் வடிந்ததும் ஒரு பொறி காத்திருக்கும். கரையில் மரங்கள் ஒதுங்கிக் கிடக்கும், 'கெட்டுப் போகிறதே, ஏலம் விடலாம்' என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். சரணாலயங்களிலிருந்து காய்ந்த, சாய்ந்த மரங்களையும், ஒதுங்கிய கட்டைகளையும், புல்லையும்கூட அகற்றுவதற்கு உச்ச நீதிமன்றம் 2000 பிப்ரவரி 14 உத்தரவில் தடை விதித்தது. அந்தக் கட்டைகளுக்கு அடியில்தான் ஆமையும் மீன்குஞ்சும் ஒதுங்குகின்றன, அவை கிடக்கட்டும்.

6. அனுமதிகள்: நம் சொந்த வேலைக்கும் வேண்டும்

ஆய்வு, படப்பிடிப்பு, சுற்றுலா போன்றவற்றுக்காக நுழைய 28-ஆம் பிரிவில் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். யாராவது சிபாரிசோடு வந்தால், "தாள் எங்கே?" என்று மரியாதையாகக் கேட்டாலே போதும். அனுமதித் தாளில் தேதி, இடம், ஆட்கள் எண்ணிக்கை, டிரோன் உண்டா இல்லையா என நான்கையும் பாருங்கள்.

பெரிய சிக்கல் இன்னொன்று. ஓடையில் தடுப்பணை கட்டுவது, மடுவைத் தூர்வாருவது எல்லாம் விலங்குக்கு நல்லது என்று தோன்றும். ஆனால் அவையும் நீரோட்டத்தை மாற்றும் வேலைகளே. மாநில வன உயிரின வாரியத்தைக் கலந்து அரசு திருப்தியடைந்த பிறகே 29-ஆம் பிரிவு அனுமதி கிடைக்கும் என்பது துறைக்கும் பொருந்தும். மேலாண்மைத் திட்டத்தில் இருக்கிறதா, அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மதிப்பீடு போடுங்கள். வேறு துறைகளின் குடிநீர்க் குழாய், பாலம், மின்பாதை போன்றவை மத்திய அரசின் 'பரிவேஷ்' இணைய அனுமதித் தளம் வழியாகத் தேசிய வன உயிரின வாரியத்தின் நிலைக்குழு வரை போகும். அதற்கு மாதக்கணக்காகும். "வேலையைத் தொடங்கிவிட்டு வாங்கிக்கொள்கிறோம்" என்று ஒப்பந்தக்காரர் சொன்னால், அன்றைக்கே எழுத்தில் தடுத்து நகலை மேலே அனுப்பிவிடுங்கள்.

7. வழக்கு

சுருக்கமாக: பிடிபட்டவரையும் பொருளையும் தாமதமின்றி நீதித்துறை நடுவர் முன் கொண்டுபோங்கள். மகஜரில், அதாவது சம்பவ இடத்திலேயே எழுதும் பதிவில், ஜி.பி.எஸ். அளவு, நேரம், சாட்சி மூன்றும் வேண்டும். உதவி வனப் பாதுகாவலர் அந்தஸ்துக்குக் குறையாத அலுவலர் 50(8)-இல் பதியும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுபடும். அதனால் அவரை முதல் நாளே அழையுங்கள். யானை, முதலை போன்ற முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்கும் சரணாலயத்துக்குள் வேட்டைக்கும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம் என்பது 2022 திருத்தத்துக்குப் பிந்தைய நிலை. பழைய படிவங்களில் 10,000 என்றே அச்சிட்டிருக்கும், திருத்திக்கொள்ளுங்கள்.

8. இழப்பீடு

கரையோர ஊர்கள் உங்களை எடைபோடுவது இதை வைத்துத்தான். யானை வயலில் இறங்கிய மறுநாள் காலை நீங்கள் அங்கே நின்றால், அந்த ஊரில் அடுத்த தோட்டாச் சத்தம் கேட்கும்போது உங்களுக்குத் தொலைபேசி வரும்.

பயிருக்கு: விண்ணப்பம், சிட்டா, அடங்கல், வேளாண் அலுவலரின் சேத மதிப்பீடு, படங்கள், வங்கிக் கணக்குப் புத்தக நகல். கால்நடைக்கு: கால்நடை மருத்துவரின் சான்று, உடலைப் புதைக்கும் முன் படம். மனித உயிரிழப்புக்கு: முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. மத்திய திட்டத்தில் உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் நிவாரணம் 2023 டிசம்பரில் 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது. பலத்த காயத்துக்கு 2 லட்சம், சிறு காயத்துக்கான சிகிச்சைக்கு 25,000 ரூபாய் வரை. பயிருக்கான தொகை மாநில அரசாணைப்படி. நடப்பு அரசாணையின் நகல் உங்கள் மேசையில் இருக்கட்டும்.

பெரும்பாலான மனுக்கள் நிற்பது பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பதால்தான். அப்படிப்பட்டவரை "பட்டா மாற்றிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்றும், பங்காளிகளின் ஆட்சேபணையில்லாக் கடிதமும் வாங்கி மனுவோடு சேர்த்து அனுப்பலாமா என்று கோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். அதற்குள் வயலை உழுதுவிடுவார் என்பதால், சேதத்தைப் பார்த்து எழுதும் மகஜர் மட்டும் அன்றைக்கே முடிந்திருக்க வேண்டும். மனு வாங்கியதற்குத் தேதியிட்ட ரசீதைக் கையோடு கொடுத்து, எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கோட்ட அலுவலகக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணும் எங்கே நிற்கிறது என்று பென்சிலில் குறித்துக்கொண்டு வாருங்கள்.